அபாரிஜினல் நல ஆய்வுக்குள் போகும் முன்: பயிற்சி, எத்திக்ஸ் விண்ணப்பம், மாநாடு

ஆஸ்திரேலியாவுக்கு பப்ளிக் ஹெல்த், நர்சிங், சைக்காலஜி என்று மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர்களில் சிலர் தீசிஸுக்கு அந்நாட்டுப் பூர்வகுடிகளான அபாரிஜினல், டாரஸ் நீரிணைத் தீவு மக்களின் உடல்நலத்தை எடுக்கிறார்கள். சர்க்கரை நோய், சிறுநீரகம், மனநலம் என்று தலைப்பு சட்டென்று அமைந்துவிடும். படிக்கக் கட்டுரைகளும் ஏராளம். கேள்வித்தாள் தயார், எத்தனை பேரிடம் எடுப்பது என்ற கணக்கும் முடிந்தது, சூப்பர்வைசரும் தலையாட்டிவிட்டார். அப்புறம், ஆய்வு நெறியைப் பார்த்து ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டியிலிருந்து விண்ணப்பம் திரும்பி வருகிறது: இந்த ஆய்வு வேண்டும் என்று உங்களிடம் சொன்னது யார்?

அதற்குப் பதில் இல்லையென்றால் மற்ற நாற்பது பக்கமும் வீண். இந்தத் துறையில் பயிற்சி வகுப்பு, வொர்க்‌ஷாப், மாநாடு என்று எதற்குப் போனாலும், இந்தப் பதிலைத் தேடிப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனால்தான் பயன். சான்றிதழுக்காகப் போனால் சான்றிதழ் மட்டும் கிடைக்கும்.

தேசிய சுகாதார மருத்துவ ஆய்வுக் கவுன்சிலான என்எச்எம்ஆர்சி 2018இல் இரண்டு ஆவணங்களை வெளியிட்டது. ஒன்று ஆய்வாளர்களுக்கான நெறிமுறை. மற்றது ‘கீப்பிங் ரிசர்ச் ஆன் டிராக் டூ’, சமூகத்தாருக்காக எழுதப்பட்டது. மாணவர்கள் முதலாவதை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள். இரண்டாவதை முதலில் படியுங்கள். ஆய்வாளர் வந்து கதவைத் தட்டினால் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தரும் கையேடு அது. பரீட்சைக்கு முன்பே வினாத்தாள் கையில் கிடைத்த மாதிரி. ஆய்வை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது: உறவை உண்டாக்குவது, ஆய்வு யோசனையை வளர்ப்பது, திட்டம் போட்டு ஒப்புதல் கேட்பது, தரவு சேகரிப்பது, அலசுவது, அறிக்கை எழுதுவது, முடிவுகளைப் பகிர்ந்து செயலாக்குவது, அனுபவத்திலிருந்து கற்பது. தரவு சேகரிப்பு நான்காவது படி என்பதைக் கவனியுங்கள். நம் ஆட்கள் நேராக அங்கேதான் போய் நிற்பார்கள்.

ஆய்வாளர் நெறிமுறையில் ஆறு விழுமியங்கள் உண்டு: ஆன்மாவும் நேர்மையும், பண்பாட்டுத் தொடர்ச்சி, சமநீதி, பரிமாற்றம், மரியாதை, பொறுப்பு. இவற்றை மனப்பாடம் செய்வது ஒரு மணி நேர வேலை. விண்ணப்பத்திலோ ஒவ்வொன்றும் உங்கள் திட்டத்தில் எந்த இடத்தில், எப்படி இருக்கிறது என்று காட்ட வேண்டும். பரிமாற்றம் என்ற தலைப்பின் கீழ் அநேகமாக எல்லாரும் எழுதுவது, “எங்கள் முடிவுகள் எதிர்காலக் கொள்கை வகுப்புக்கு உதவும்.” இதைப் படித்துப் படித்துக் கமிட்டிக்காரர்களுக்கு அலுத்துவிட்டது. உள்ளூர்க்காரர் இருவருக்குச் சம்பளத்தோடு ஆய்வு உதவியாளர் வேலை, இத்தனை வாரம், மணிக்கு இவ்வளவு, பணம் எந்தக் கணக்கிலிருந்து என்று எழுதினால் அது பரிமாற்றம். பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி இல்லையென்றால் மேலே எழுதிய பத்தியை யாரும் நம்ப மாட்டார்கள். அனுபவப்பட்ட மதிப்பீட்டாளர்கள் பட்ஜெட் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

கூடவே பூர்வகுடி ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனமான அயாட்சிஸின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைக் கோவையையும் படிக்க வேண்டும். சுயநிர்ணயம், பூர்வகுடித் தலைமை, பயனும் மதிப்பும், நீடிப்பும் பொறுப்புக்கூறலும் என்று நான்கு கொள்கைகள். அதில் ‘தலைமை’ என்ற சொல்லில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆலோசனைக் குழுவில் ஒரு பெரியவர் பெயரைப் போடுவது தலைமை ஆகாது. திட்டத்தை மாற்றவும் நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி.

எந்தக் கமிட்டிக்கு அனுப்புவது என்பது மாநிலத்தைப் பொறுத்தது. நியூ சவுத் வேல்ஸில் அபாரிஜினல் சுகாதார மருத்துவ ஆய்வுக் கவுன்சிலுக்குச் சொந்தக் கமிட்டி உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இதே போல் அபாரிஜினல் சுகாதார எத்திக்ஸ் கமிட்டிகள் தனியாக இயங்குகின்றன. பல்கலைக்கழகக் கமிட்டி ஒப்புதல் தந்துவிட்டதே என்று இவற்றைத் தாண்டிப் போக முடியாது. நியூ சவுத் வேல்ஸ் கமிட்டி பார்ப்பது ஐந்து விஷயம்: சமூகத்துக்கு நிகரப் பயன், ஆய்வின்மேல் சமூகத்தின் கட்டுப்பாடு, பண்பாட்டு உணர்வு, செலவை ஈடுகட்டுவது, அபாரிஜினல் மக்களின் திறனை வளர்ப்பது. நான்காவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். உங்கள் ஆய்வுக்காக ஒரு சுகாதார மையத்தின் ஊழியர் கோப்பு எடுத்துத் தந்தால், அறை திறந்துவிட்டால், நோயாளியை வண்டியில் கூட்டி வந்தால், அந்த நேரத்துக்கும் பெட்ரோலுக்கும் பணம் யார் தருவது?

விண்ணப்பத்தோடு சமூக மையத்திடமிருந்து வாங்கி இணைக்கும் ஆதரவுக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கியதுதான் சமூகமே நடத்தும் முதல் அபாரிஜினல் மருத்துவ மையம். அந்த வழியில் வந்த மையங்கள் இன்று நாடு முழுக்க இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சமூகம் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு உண்டு. கடிதம் அந்தக் குழுவின் தீர்மானத்தோடு வர வேண்டும். அங்கே வேலை செய்யும் டாக்டர் நண்பர் ஒருவர் மின்னஞ்சலில் “நல்ல ஆய்வு, வாழ்த்துகள்” என்று எழுதித் தருவது செல்லாது. நல்ல கடிதத்தில் நான்கு செய்திகள் இருக்கும்: இந்தப் பிரச்சினை எங்களுக்கு முக்கியம், ஆய்வாளரை இந்த நாளில் சந்தித்துப் பேசினோம், எங்கள் தரப்பில் இன்னார் பொறுப்பு, தரவு இன்ன நிபந்தனையில் அவரிடம் இருக்கும். வாக்கியங்களை நீங்களே எழுதி மூன்று மையங்களுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கினால், மூன்று கடிதமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த மையங்களை நேரிலேயே தெரியும்.

நிர்வாகக் குழு வாரா வாரம் கூட்டம் போடுவதில்லை. உங்கள் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போகலாம். சமூகத்தில் ஒரு சாவு விழுந்தால் ‘சாரி பிஸினஸ்’ என்று எல்லா வேலையும் நிற்கும். சில நாளோ சில வாரமோ ஆகும், அவசரப்படுத்தக் கூடாது. ஆகவே தேதி மாற்றக்கூடிய விமான டிக்கெட்டாக எடுங்கள். களப்பணிக்கு ஒதுக்கிய நாட்களைப் போல் இன்னொரு மடங்கு கையில் வையுங்கள். உறவு உண்டாக்குவது தொடங்கி ஒப்புதல் வரை ஆறு மாதத்துக்குக் குறைவாகத் திட்டமிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

செமஸ்டரே பன்னிரண்டு பதின்மூன்று வாரம்தான், ஆறு மாதத்துக்கு எங்கே போவது? ஒரு செமஸ்டர் தீசிஸ் செய்கிறவர்கள் புதிதாகத் தரவு எடுக்க வேண்டாம் என்பதுதான் பதில். வெளியான ஆய்வுகளை முறையாகத் தொகுத்து மதிப்பிடுங்கள். அதற்கென்றே அடிலெய்டில் அபாரிஜினல் ஆய்வாளர்கள் தலைமையில் உருவான தர மதிப்பீட்டுக் கருவி ஒன்று இருக்கிறது, பதினான்கு கேள்விகள். வழக்கமான கருவிகள், எத்தனை பேரிடம் தரவு எடுத்தார்கள், எங்கே பிழை வரலாம் என்று பார்க்கும். இதன் முதல் கேள்வியோ, சமூகம் தீர்மானித்த தேவைக்கு இந்த ஆய்வு பதில் சொன்னதா என்பது. பத்துக் கட்டுரைகளை எடுத்து இந்தப் பதினான்கையும் ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பாருங்கள். பெரிய பத்திரிகையில் வந்த கட்டுரைகூட பாதிக் கேள்விகளுக்கு ‘தெளிவில்லை’ என்று நிற்கலாம். நல்ல விண்ணப்பம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. ஆய்வை எழுதி வெளியிடும்போது பூர்வகுடி சுகாதார ஆய்வை எழுதுவதற்கென்று 2019இல் வந்த ‘கன்சிடர்’ என்ற சரிபார்ப்புப் பட்டியலின் பதினேழு அம்சங்களையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தேர்வில் அதிகம் மதிப்பெண் போகும் இடம் ‘நலம்’ என்ற சொல். ‘சமூக, உணர்வு நலம்’ என்று கேட்டால் மனநலம் என்று நினைத்து மனச்சோர்வின் அறிகுறிகளை எழுதிவிடுகிறார்கள். 1989ஆம் ஆண்டின் தேசிய அபாரிஜினல் சுகாதார உத்தியே, ஆரோக்கியம் என்பது தனி மனிதரின் உடல் மட்டுமல்ல, முழுச் சமூகத்தின் சமூக, உணர்வு, பண்பாட்டு நலம் என்று சொல்லிவிட்டது. அந்த நலத்தை விளக்கப் பின்னால் உருவான வரைபடம் ஏழு தளங்களைக் காட்டுகிறது: உடல், மனமும் உணர்வும், குடும்ப உறவு, சமூகம், பண்பாடு, மண், ஆன்மாவும் மூதாதையரும். இங்கே ‘கன்ட்ரி’ என்றால் நாடு என்று மொழிபெயர்க்காதீர்கள். “எங்க மண்ணு” என்று நம் ஊரில் சொல்கிற அந்தச் சொல்தான் கிட்டத்தில் வரும்.

தரவுக்கு வருவோம். தனி நபரின் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பது நமக்குப் பழகிய பாடம். முந்நூறு பேர் வாழும் ஊரில் “நாற்பது வயதுக்கு மேற்பட்ட டயாலிசிஸ் பெண் நோயாளி” என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஊர்ப் பெயரைச் சேர்த்தால் ஊருக்கே கெட்ட பெயர். அதனால் ஊரைப் பெயர் சொல்லிக் குறிப்பதா வேண்டாமா என்பதையும் ஊரே முடிவு செய்யும். சில சமூகங்கள் தங்கள் உழைப்புக்குப் பெயர் வேண்டும் என்று கேட்கும். நீங்களாக மறைத்தாலும் தப்பு. தரவின் மேல் யாருக்கு அதிகாரம் என்பதற்கு 2018இல் ‘மயம் நைரி விங்கரா’ என்ற ஆஸ்திரேலியப் பூர்வகுடித் தரவு உரிமைக் குழு வகுத்த கொள்கைகளும், 2019இல் உலக அளவில் வந்த ‘கேர்’ (CARE) கொள்கைகளும் அடிப்படை. ஆய்வு முடிந்தபின் தரவு எங்கே இருக்கும், எத்தனை வருடம், அடுத்த மாணவர் கேட்டால் யாரிடம் அனுமதி என்று மூன்று வரியில் தெளிவாக எழுதுங்கள். “பல்கலைக்கழக விதிப்படி” என்று எழுதினால் திரும்பி வரும்.

அலசும்போது இன்னொரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: ஒவ்வொரு எண்ணையும் மற்ற ஆஸ்திரேலியர்களின் எண்ணோடு ஒப்பிட்டு ‘இவ்வளவு மோசம்’ என்று எழுதுவது. வித்தியாசம், இடைவெளி, பின்தங்கல், சீர்குலைவு, இல்லாமை ஆகியவற்றை மட்டுமே காட்டும் தரவை ஐந்து டி தரவு என்று (ஆங்கிலத்தில் ஐந்து சொல்லும் டி எழுத்தில் தொடங்கும்) டாஸ்மேனியாவின் பலாவா பூர்வகுடியைச் சேர்ந்த சமூகவியலாளர் மேகி வால்டர் குறிப்பிட்டார். ஒப்பிடவே கூடாது என்பதல்ல. நூறு பேரில் மருந்தைத் தொடர்ந்து எடுக்கும் அறுபது பேர் எதனால் எடுக்கிறார்கள் என்று கேட்கத் தெரியாமல் எடுக்காத நாற்பது பேரையே சுற்றிச் சுற்றி வருவதுதான் குறை.

இனி மாநாடு. லோவிட்ஜா நிறுவனம் நடத்தும் சர்வதேசப் பூர்வகுடி சுகாதார நல மாநாடு 2023இல் கெய்ர்ன்ஸிலும் 2025இல் அடிலெய்டிலும் நடந்தது. யன்குனிட்ஜட்ஜாரா என்ற பூர்வகுடியின் தலைவி லோவிட்ஜா ஓடோனஹூவின் பெயரில் இயங்கும் நிறுவனம் அது. இங்கே அப்ஸ்ட்ராக்ட் எழுதும்போது முறை, எண், பி மதிப்பு என்று இடத்தை நிரப்ப வேண்டாம். சமூகம் எப்படிப் பங்கெடுத்தது, அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள். மேடையில் சமூகத்திலிருந்து ஒருவர் உங்களோடு சேர்ந்து பேச வேண்டும். அவருடைய பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் உங்கள் பட்ஜெட்டில் முன்பே இருக்க வேண்டும்.

பேச்சைத் தொடங்கும்போது கூடியிருக்கும் மண்ணின் மக்களைப் பெயர் சொல்லி மதிக்கிறோம். ‘வெல்கம்’ சொல்லும் உரிமை அந்த மண்ணின் மக்களுக்கு மட்டுமே. நாம் செய்வது ‘அக்னாலெட்ஜ்மென்ட்’. சிட்னி நகர மையம் காடிகல் மக்களின் மண், டார்வின் லாரக்கியா மக்களுடையது, பெர்த் வாஜுக் நூங்கார் மக்களுடையது. அடிலெய்டு மக்களின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்துக் ‘கௌர்னா’ என்று படிக்காதீர்கள், ‘கார்னா’. முந்தின நாளே உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் ஆட்களின் படம் இருந்தால் எழுத்தில் அனுமதி வேண்டும். படத்தில் இருப்பவர் இடையில் இறந்திருந்தால் குடும்பத்திடம் மறுபடி கேட்காமல் காட்டக் கூடாது.

தமிழர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. வயதில் மூத்த யாரைப் பார்த்தாலும் ஆன்ட்டி, அங்கிள் என்று நமக்கு வாயில் வந்துவிடும். இங்கே அது சமூகம் கொடுத்த மரியாதைப் பட்டம். மற்றவர்கள் அப்படி அழைப்பதைக் கேட்டாலும், “நான் உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

கதை பேசுவது போல் பேசி ஆய்வு செய்யும் ‘யார்னிங்’ பற்றிய வொர்க்‌ஷாப் கிடைத்தால் விடாதீர்கள். 2010இல் ஆய்வாளர் டான் பெசராப் இன்னொருவரோடு இணைந்து எழுதிய கட்டுரைக்குப் பின் இது ஓர் ஆய்வு முறையாக நிலைபெற்றது. நேர்காணலுக்குப் புதுப் பெயர் என்று நினைப்பவர்கள்தான் தோற்பார்கள். முதலில் ஊர், உறவு, யார் எந்தக் குடும்பம் என்ற பேச்சு. அங்கே உங்கள் கதையையும் நீங்கள் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் ஆய்வுப் பேச்சு. ரெக்கார்டரை எப்போது போடுவது என்பதையும் அவர்தான் சொல்வார். முக்கால் மணி நேரம் என்று தகவல் தாளில் எழுதியிருந்தால் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவில் மௌனம் வரும். அடுத்த கேள்வியால் அதை அடைக்காதீர்கள். பெண்கள் மட்டுமே பேசும் விஷயத்தை ஆண் ஆய்வாளர் கேட்கக் கூடாது, மறுபுறமும் அப்படியே. ஆகவே குழுவில் இருபாலரும் வேண்டும்.

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் இரண்டு பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி, படம் போட்டு, நிர்வாகக் குழுவிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் திருத்தம் சொல்ல இத்தனை நாள் என்று ஒப்பந்தத்திலேயே குறித்திருக்க வேண்டும். அந்த நாட்கள் முடியும் வரை கட்டுரை உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.