செங்கல் தெரியும் ஜன்னல்

மார்ச் 3
கழுத்துப் பரிசோதனையின் ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகுமாம். அதுவரை, படம் வரையவைத்து மனசுக்குச் சிகிச்சை தரும் என் செஷன் எதுவும் வேண்டாம் என்று நானே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 4
படுத்தால் ஜன்னலில் பக்கத்துக் கட்டிடத்தின் செங்கல் சுவர் மட்டும்தான் தெரிகிறது. ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. பித்தப்பை அறுவை முடிந்த 46 பேர், பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! சுவர்ப் பக்கம் படுத்திருந்த அந்த 23 பேரை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மார்ச் 5
தூக்கமே இல்லை.

மார்ச் 6
கால் விரலில் தொடங்கி உடம்பை ஒவ்வொரு இடமாகக் கவனித்துக்கொண்டே மேலே வரும் பயிற்சி. கழுத்து வந்ததும் மனசு அதைத் தாண்டி நேராக நெற்றிக்குப் போய்விட்டது. மூன்று தடவையும் அப்படியேதான். இப்படிக் கவனத்தைப் பழக்க ஜான் கபட்-ஜின் 1979இல் தொடங்கிய வகுப்புக்கு முதலில் வந்தவர்கள் மருந்தில் தீராத வலியோடு இருந்தவர்கள், வலிக்கிற இடத்திலேயே கவனத்தை வைக்கச் சொன்னால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன். "அந்த இடம் வந்தா விட்டுடட்டுமா?" என்று என்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து பாருங்கள் என்றேன். விடுங்கள், கண்ணைத் திறந்து பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள் என்று சொல்லியிருக்கணும். அவரிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

மார்ச் 7
கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தணும்.

மார்ச் 8
கிரயான் பெட்டியை எடுத்தேன். 'ஆர்ட் தெரபி' என்ற பெயரையே 1942இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்கிற ஓவியர், காசநோயோடு சானடோரியத்தில் கிடந்தபோது வரைந்து வரைந்து அதன் பலனைத் தானே உணர்ந்தவர். சரி, எனக்கும் எதிரே இருப்பது சுவர்தானே. வரைய உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, செங்கல் சிவப்பே இல்லை. ஒன்று கருகினமாதிரி, ஒன்று கிட்டத்தட்ட ஊதா, ஒன்றின் ஓரம் உடைந்து உள்ளே வெளிறிய மஞ்சள். பூச்சு விட்டுப்போன இடத்தில் பாசி, அதற்கு மேலே விரிசலில் ஏதோ ஒரு செடி, இரண்டே இலை. நாற்பது நிமிஷம் போனது தெரியவில்லை. அந்த நாற்பது நிமிஷமும் கை கழுத்துக்குப் போகவில்லை!

மார்ச் 9
படத்தின் வலது ஓரம் காலியாக இருக்கிறது. காலையிலிருந்து அதற்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறேன், பயமா, மறுப்பா, எதிர்காலமா என்று. யாருடைய படத்துக்கும் நான் இப்படி அர்த்தம் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. வரைந்தவரிடம்தான் கேட்பேன், கை எங்கே நின்றது, அப்போது என்ன நடந்தது என்று. என்னையே கேட்டேன். வெளிச்சம் போய்விட்டது, அதனால் நிறுத்தினேன். அவ்வளவுதான்.

மார்ச் 10
காற்று. செடி முழுசாக வளைந்து, திரும்ப நிமிர்ந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 11
மறுபடியும் தூக்கம் இல்லை. மூச்சை எண்ணினால் நாலுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. கழுத்து, கழுத்து, கழுத்து.

மார்ச் 12
போன் வந்தது. நாளை பத்து மணிக்கு நேரில் வரணுமாம், போனில் எதுவும் சொல்லமாட்டார்களாம். குரலில் ஏதாவது தெரிகிறதா என்று கவனித்தேன், ஒன்றும் தெரியவில்லை. செடியில் மூன்றாவது இலை, இன்னும் விரியவில்லை, நகம் அளவுகூட இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே வலது ஓரத்தையும் வரைந்துவிடணும்.