4294967297: கையாலேயே உடைத்துப் பார்த்தேன்

3, 5, 17, 257, 65537. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருபவை பெர்மா எண்கள். அவற்றில் இந்த முதல் ஐந்தும் பகா எண்கள். அடுத்தது 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் 4294967297. வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று 1640 வாக்கில் கணித அறிஞர் பெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் இந்த எண்ணை இரண்டு காரணிகளாக உடைத்துக் காட்டினார். கால்குலேட்டர் இல்லாமல் எனக்கும் அது முடிகிறதா என்று பார்க்க ஆசை.

முதல் நாள் 3, 7, 11, 13 என்று அசட்டுத்தனமாக வகுத்துக்கொண்டே போனேன். 97இல் கை ஓய்ந்துவிட்டது. தேடிய காரணியோ 116ஆவது பகா எண்!

அப்புறம்தான் குறுக்குவழியைப் பிடித்தேன். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 என்பது ஆய்லர் கண்டது. பின்னால் லூக்கா என்ற கணித அறிஞர் அந்த 64ஐ 128 ஆக்கினார். 129, 257, 385, 513, 641 என்று எழுதிப் பார்த்தேன். 129, 513 இரண்டும் 3ஆல் வகுபடும், 385 ஐந்தால். 257 தானே ஒரு பெர்மா எண், இரண்டு பெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது. ஆக, முதல் வகுத்தலே 641. மீதி 0, ஈவு 6700417.

இங்கே ஒரு கூத்து. அடுத்த பக்கத்தில் ஈவை 6700147 என்று மாற்றி எழுதிவிட்டேன். சரிபார்க்க 641ஆல் பெருக்கினால் 4294794227 வந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மாலை போயிற்று.

சரி, 6700417 பகா எண்தானா? வர்க்கமூலம் 2588க்குக் கொஞ்சம் மேல். அதுவரை 128 விதிக்குப் பொருந்தும் பகா எண்கள், முன்பே கழித்த 257 போக, 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 44, 120, 334, 622. பகா எண்ணேதான்.

வகைப்பாடு சுலபம்: இரண்டு பகா எண்களின் பெருக்கல், அதனால் பகு எண். தன்னை விட்டுவிட்டு மற்ற காரணிகளைக் கூட்டினால் வெறும் 6701059. அந்தக் கூட்டல் எண்ணுக்கே சமமானால் நிறைவெண், அதைவிடக் குறைந்தால் குறைவெண். இது நிறைவெண்ணுக்குக் கிட்டக்கூட வராத குறைவெண்.

எனக்குப் பிடித்தது வேறு. இந்த எண் 65536² + 1² என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இன்னொரு வழியிலும் இதை எழுதலாம். 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இவற்றைக் குறுக்கே பெருக்கினால் 25 × 2556 = 63900, 4 × 409 = 1636, 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. முதல் இரண்டைக் கூட்டினால் 65536, கடைசி இரண்டைக் கழித்தால் 1. பழைய வடிவம் அப்படியே வந்துவிட்டது! கூட்டியதைக் கழித்து, கழித்ததைக் கூட்டினால் 62264² + 20449². இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டினேன்: 3876805696 + 418161601. கடைசி இலக்கம் வரை பொருந்தியது.

அடுத்த பெர்மா எண்ணுக்கு 20 இலக்கம், அதன் சின்னக் காரணியே 274177. அதைக் கையால் தொடுவதாக இல்லை.