'பங்கேற்காமை' என்றொரு சொல்

மே 8

1984-இல் இதே நாளில்தான் ஒலிம்பிக் சுடரோட்டம் நியூயார்க்கில் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் போட்டிகளில் சோவியத் அணி கலந்துகொள்வது இயலாது என்ற அறிக்கையை சோவியத் அரசின் செய்தி நிறுவனமான டாஸ் வெளியிட்டதும் அன்றுதான். பாதுகாப்பில்லை, சோவியத் எதிர்ப்பு வெறி, ஒலிம்பிக் சாசன மீறல் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. ஆனால் தங்கள் முடிவைப் 'புறக்கணிப்பு' என்று சொல்வதை மட்டும் தவிர்த்தார்கள். சோவியத் பத்திரிகைகள் எழுதிய ருஷ்யச் சொல் 'நெஉசாஸ்தியே', அதாவது பங்கேற்காமை. 1980-இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததற்கு 'பாய்கோத்' (புறக்கணிப்பு) என்று எழுதிய அதே பத்திரிகைகள்தாம் இவை.

பழைய இதழ்களைத் தேடுபவர் இடறும் இடம் இது. 'பாய்கோத்' என்று மட்டும் தேடினால் 1980 குவியும், 1984 நழுவிவிடும். ஜெர்மன் இதழ்களில் 'நிஷ்ட்டைல்நாமே' என்றும், ஹங்கேரிய இதழ்களில் 'தாவோல்மரதாஷ்' (விலகியிருத்தல்) என்றும் தேட வேண்டும்.

மே 17

போலந்து விலகிய நாள். அதற்கு முன்பே பல்கேரியா 9-ஆம் தேதியும், கிழக்கு ஜெர்மனி 10-ஆம் தேதியும், ஹங்கேரி 16-ஆம் தேதியும் விலகிவிட்டன. கியூபா 23-ஆம் தேதி. இந்த அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்தால் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பிறகு வீரர்கள், பயிற்சியாளர்களின் ஆதரவுக் குரல்கள் வரும். எதிர்க்குரல் அச்சில் இல்லை என்பதால் எவருமே எதிர்க்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. மாஸ்கோவில் கிளாவ்லித் என்ற தணிக்கை அமைப்பு, வார்சாவில் மிஷியா தெருவில் இருந்த தணிக்கை அலுவலகம். இவற்றைத் தாண்டித்தான் எதுவும் அச்சேறியது. நான்கு ஆண்டு உழைப்பு ஒரே நாளில் போன வீரர்களின் வேதனைக்கு அந்தப் பக்கங்களில் இடமே இல்லை. எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான்.

ஜூலை 28

லாஸ் ஏஞ்சலிஸ் தொடக்க நாள். ருமேனியா போனது, 20 தங்கத்தோடு திரும்பியது. சீனாவும் யூகோஸ்லாவியாவும் போயின. 'கம்யூனிஸ்ட் பத்திரிகைகள்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது.

ஜூலை 29

1980, மாஸ்கோ. சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி ஸ்பெயினை 4-3 என வென்ற நாள். போட்டியில் இருந்தவை ஆறே அணிகள். பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் வரவில்லை. முடிவுப் பட்டியலில் வந்தவர் பெயர்தான் இருக்கும், வராதவர் பெயர் இருக்காது. அதைத் தனியே எழுதி அருகில் வைத்துக்கொண்டுதான் எந்தப் பட்டியலையும் படிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17

லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகாத நாடுகள் 1984-இல் நடத்திய 'துருஷ்பா' (நட்பு) போட்டிகளில், பிராகில் நடந்த மகளிர் வட்டு எறிதலில் கிழக்கு ஜெர்மனியின் இரினா மெஷின்ஸ்கி 73.36 மீட்டர் எறிந்தார், உலக சாதனை. லாஸ் ஏஞ்சலிஸில் தங்கம் வென்ற எறிதல் 65.36. சரியாக 8 மீட்டர் வித்தியாசம். முந்தின நாள் மகளிர் 400 மீட்டரில் அதே நாட்டின் மரீட்டா கோஹ் 48.16 விநாடி, அமெரிக்காவில் வென்ற நேரம் 48.83. இது ஒலிம்பிக்குக்கு மாற்று அல்ல என்று அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள். தேதிகளும் லாஸ் ஏஞ்சலிஸோடு மோதாதபடி வைக்கப்பட்டன. ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. எண்கள் உண்மைதான். கிழக்கு ஜெர்மனியின் அரசு ஊக்கமருந்துத் திட்டம் பின்னாளில் ஆவணங்களோடு வெளிவந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு முழுமையாகும்.