காலி ஆம்பியூலைக் காட்டுங்க சிஸ்டர்

வடபழனிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்மசி இன்சார்ஜ் நான். மார்ஃபின், ஃபென்டனில் என்று போதையாகவும் பழகிவிடக்கூடிய கடும் வலிநிவாரணிகளை வைத்திருக்கும் அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், மற்றது டியூட்டி சிஸ்டரிடம். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பூட்டை உடைத்துத் திருட யாரும் மெனக்கெட மாட்டார்கள். சிரிஞ்சில் மிஞ்சுகிற மருந்து இருக்கிறதே, அதுதான் சத்தமில்லாமல் போகும்.

ஃபென்டனில் 2 மில்லி ஆம்பியூலில், அதாவது ஊசி மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பியில், 100 மைக்ரோகிராம் இருக்கும். மயக்க டாக்டர் 60 போட்டால் மிச்சம் 40. அதை இன்னொருவர் கண்ணெதிரே கொட்டி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நடப்பது வேறு. ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் ரிஜிஸ்டரை நீட்டி "ஒரு சைன் போடுங்க" என்றால் போட்டுவிடுகிறார்கள். கொட்டியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம் கண்ணில் பட்டாலே எனக்கு உறுத்தும்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல என் மேலயே சந்தேகமா தம்பி?" என்றார் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஒருவர்.

"உங்க மேல இல்லக்கா. நாளைக்குக் கணக்கு இடிச்சா முதல்ல உங்களைத்தான கேப்பாங்க?"

முணுமுணுத்துக்கொண்டே என் முன்னால் கொட்டினார். காலி ஆம்பியூலையும் கொடுத்தார். அது வந்தால்தான் நான் புதியது தருவேன்.

இது வெறும் கணக்கு விவகாரம் இல்லை. அமெரிக்காவில் எக்ஸெட்டர் மருத்துவமனையில் ஒரு டெக்னீஷியன் ஃபென்டனில் சிரிஞ்சுகளைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அவற்றிலேயே சலைனை நிரப்பி வைத்திருக்கிறார். அவருக்கு ஹெபடைட்டிஸ் சி, ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோய். 2012ல் விஷயம் வெடித்தபோது நோயாளிகள் பலருக்குத் தொற்றியிருந்தது. 39 ஆண்டு சிறை கொடுத்தார்கள்.

இதைச் சொன்னால் எங்கள் நிர்வாகம் உடனே "அப்போ ஸ்டாக்கைக் குறைச்சிடலாமா?" என்கிறது. இந்த வேலையே வேண்டாம். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து எத்தனையோ மருத்துவமனைகள் மார்ஃபினே வாங்காமல் இருந்தன. புற்றுநோய் வலியில் துடித்தவர்கள்தான் அதற்கு அனுபவித்தார்கள். 2014ல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கியதே அதனால்தானே?

நான் கேட்டது சின்ன விஷயம். வாரம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், மயக்க டாக்டரின் சார்ட்டையும் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு ஆள். அப்புறம், இரவு ஷிஃப்டிலும் சாட்சிக்கு இன்னொரு சிஸ்டர். முதலாவதற்குச் சரி என்றுவிட்டார்கள். இரண்டாவது 'பரிசீலனையில்' இருக்கிறதாம்.