வெல்டிங் வேலைக்கு என்.வி.கியூ எடுத்த அனுபவம்

மட்டக்களப்பில் பட்டறை வைத்திருக்கும் பலருக்குக் கையில் தொழில் இருக்கும், சான்றிதழ் இருக்காது. நானும் மாமாவின் பட்டறையில் கலப்பையும் ட்ரெய்லரும் ஒட்டியே வெல்டிங் பழகினேன். முழு நேர வகுப்புக்குப் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டும். அதனால்தான் ஆர்.பி.எல் வழியில் போனேன். ஏற்கெனவே உள்ள திறமையைச் சோதித்துப் பார்த்து என்.வி.கியூ, அதாவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், தரும் முறை அது. அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டா மூலம் விண்ணப்பிக்கலாம். என்.வி.கியூவில் 7 மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம்.

பலரும் சோதனையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு இழுத்தடித்தது வேலை அனுபவத்தைக் காட்டும் கோப்புதான். சொந்தத் தொழில் செய்பவனிடம் சம்பளச் சீட்டு ஏது? கிராம உத்தியோகத்தரின் கடிதம், வேலை செய்து கொடுத்த இடங்களின் கடிதங்கள், படங்கள் என்று சேர்த்தேன். முடிந்த கேற்றை மட்டும் படம் எடுத்தால் போதாது. அதை நீங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரிய வேண்டும். இன்றைக்கே போனில் எடுக்கத் தொடங்குங்கள்.

செய்முறையில் தட்டையாக ஒட்டுவது எல்லோருக்கும் வரும். நிமிர்த்தி வைத்த தகட்டில் கீழிருந்து மேலே ஏற்றுவதில்தான் கை தெரியும். கரண்ட் கூடினால் உருகியது வழியும், ஓரம் அரித்துப் பள்ளம் விழும். கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த வரியை இழுக்கும் பொறுமையையும் மதிப்பீட்டாளர் பார்க்கிறார்.

வாய்மொழியில், "தம்பி, 7018 குச்சியை ஏன் சூடாக்கி வைக்கிறோம்?" என்று கேட்டார். 7018 என்பது ஒரு வகை வெல்டிங் குச்சி. அதில் ஈரம் ஏறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் வந்து ஒட்டில் வெடிப்பு விழும். வாவியும் கடலும் சூழ்ந்த எங்கள் ஊரில் இது புத்தகக் கேள்வி இல்லை. திறந்த பெட்டியில் கிடக்கும் குச்சி சீக்கிரமே ஈரமாகிவிடும்.

சான்றிதழைச் சுவரில் மாட்டியதும் வேறொரு கூட்டம் வந்தது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யானைக்கும் பன்றிக்கும் பயந்து லைசென்ஸ் துவக்கு வைத்திருக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். "இப்ப பேப்பர் இருக்குத்தானே, இதையும் ஒட்டித் தாங்க" என்று ஒரு பெரியவர் கேட்டார். என்.வி.கியூ இருப்பது துவக்கை ஒட்டுவதற்கான அனுமதி ஆகாது. 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் துவக்கு செய்வதும் திருத்துவதும் தனி அனுமதிப்பத்திரம் வேண்டிய தொழில்கள். அதோடு, தோட்டா வெடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் சூடு பட்டால் இரும்பின் பலம் போய்விடும். அடுத்த வெடியில் குழல் சுடுபவரின் முகத்துக்கு முன்னாலேயே பிளக்கலாம். "ஐயா, கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், துவக்கு லைசென்ஸ் பார்க்கும் பகுதியில் கேளுங்கள், யாரிடம் கொடுக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள்" என்று அனுப்பி வைத்தேன்.

துவக்குத் திருத்தும் தொழிலில் ஆசையுள்ள இளைஞர்களும் வருகிறார்கள். லேத், ஃபிட்டர், வெல்டிங் ஏதாவது ஒன்றில் முதலில் என்.வி.கியூ எடுங்கள் என்றே சொல்கிறேன். அனுமதிப்பத்திரம் கையில் வரும்வரை ஒரு துவக்கின் ஆணியைக்கூடக் கழற்ற வேண்டாம்.