ஹியூகோ டிடி2-ஐக் கைமாற்றிய கதை

"ஒரிஜினல் பெட்டி இருக்காண்ணே?" என் பழைய ஆடியோ கருவியை வாங்க நினைத்த தம்பி ஒருவர் போனில் கேட்ட முதல் கேள்வி அதுதான். விலையைக் கூட அப்புறம்தான் கேட்டார்.

பெட்டி இருந்தது. உட்லண்ட்ஸில் எங்கள் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டர் என்கிற காப்பறைதான் எங்களுக்கு ஸ்டோர் ரூம். அரிசி மூட்டைக்கும் மகளின் பழைய சைக்கிளுக்கும் மேலே, கடைசித் தட்டில், ஆறு வருடமாக அந்த அட்டைப்பெட்டியை வைத்திருந்தேன். சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்தில் அட்டை நமத்துப்போகும், உள்ளே இருக்கும் நுரைக்குப் பூஞ்சை வரும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை சிலிக்கா பொட்டலம் மாற்றுவேன். விலை உயர்ந்த ஆடியோ சாமான் வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அது இல்லாமல் விற்கப் போனால் எதிரே இருப்பவர் முகத்தில் சந்தேகம் வந்துவிடும்.

விற்றது கார்ட் எலெக்ட்ரானிக்ஸின் ஹியூகோ டிடி2. டிஏசி, அதாவது பாட்டுக் கோப்பில் இருக்கும் எண்களை ஆம்பிளிஃபயருக்குப் புரியும் மின் அலையாக மாற்றும் கருவி. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் செய்கிறார்கள். நான் 2019-ல் வாங்கினேன், அதுவும் கோல்மன் ஸ்ட்ரீட்டில் ஆடியோ கடைகள் இருக்கும் அடெல்பி கட்டடத்தில் நாலு சனிக்கிழமை தொடர்ந்து போய்க் கேட்ட பிறகு.

மற்ற பல டிஏசிகளில் இஎஸ்எஸ், ஏகேஎம் போன்ற நிறுவனங்களின் தயார்ச் சில்லு இருக்கும். அப்படிப்பட்ட ஒன்று என்னிடமும் இருந்தது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபியோகாவில் ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்து, அந்தச் சில்லுகளே கிடைக்காமல் போனது. அடுத்த வருடம் என் பழைய டிஏசியை விற்றபோது நான் எதிர்பார்த்ததை விட நல்ல விலை வந்தது. கார்ட் கருவிகளில் அந்த மாதிரிச் சில்லு இல்லை. வடிவமைப்பாளர் ராப் வாட்ஸ், எஃப்பிஜிஏ என்கிற வெற்றுச் சில்லில் தன் கணக்கைத் தானே எழுதி வைக்கிறார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், என் செலவெல்லாம் அதன் பின்னால்தான் போனது. சிடியில் ஒரு நொடிக்கு 44,100 புள்ளிகள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அலை எப்படிப் போனது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். கோட்பாட்டின்படி அந்தக் கூட்டலுக்கு முடிவே இல்லை, நடைமுறையில் எங்காவது நிறுத்தியாக வேண்டும். எத்தனை உறுப்புகளோடு நிறுத்துகிறோம் என்பதைத்தான் டேப் எண்ணிக்கை என்கிறார்கள். டிடி2-ல் 98,304. கார்டின் இன்னும் பெரிய டிஏசியான, 2015-ல் வந்த டேவில் 1,64,000. எம் ஸ்கேலர் என்கிற தனிப் பெட்டியில் 10,15,808. எம் ஸ்கேலர் சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸை 705.6 ஆக ஏற்றி, இரண்டு பிஎன்சி கேபிள் வழியாக டிஏசிக்கு அனுப்பும். டேப் கூடக் கூட, ஒரு ஒலி எந்தக் கணத்தில் தொடங்கியது என்பது துல்லியமாகும் என்பது ராப் வாட்ஸின் வாதம். மிருதங்கமும் தவிலும் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த வாதம் நேராக நெஞ்சில் தைக்கும். விரல் தோலில் விழும் அந்தக் கணம்தானே எல்லாம்.

2021-ல் எம் ஸ்கேலர் என் வீட்டுக்கு வந்தது. போன வருடம் ஒரு நண்பரிடமிருந்து பழைய டேவ் வாங்கினேன். முதல் நாள் இரவு, இணைத்துப் பத்து நிமிடத்தில் மனைவியைக் கூப்பிட்டு, "இதுவரைக்கும் நாம கேட்டதெல்லாம் ஒண்ணுமே இல்லை" என்றேன். அவளும் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஆமாம் என்றாள். டிடி2-ஐ மறுநாளே விற்பனைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

நல்லவேளை, போடவில்லை. எனக்குக் கப்பல் பட்டறையில் மின் சோதனை வேலை. எதையும் அளக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. வீட்டில் மட்டும் எப்படி அளக்காமல் விட்டேன் என்ற உறுத்தல் மறுநாள் காலையில் வந்துவிட்டது. 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். (சாதாரண மல்டிமீட்டர் கரண்டின் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் நம்பகமாகக் காட்டும். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து அளந்தால் சில மீட்டர்கள் தவறாகச் சொல்லும்.) டிடி2 வழியாக 2.00 வோல்ட். டேவ் வழியாக 2.35. கணக்குப் போட்டால் 1.4 டெசிபெல். நான் வைத்திருந்த அளவில் டேவ் அவ்வளவு சத்தமாக ஓடியிருக்கிறது. இந்த அளவு வித்தியாசத்தைக் காது "சத்தம் கூட" என்று சொல்லாது. "தெளிவு கூட, ஆழம் கூட" என்றுதான் சொல்லும்.

ஒலியளவைக் குறைத்து, மிச்சத்தைக் கணினியில் சரிசெய்து, 2.02-க்குக் கொண்டுவந்தேன். அது 0.1 டெசிபெலுக்குள். அப்புறம் மகளை உட்கார வைத்து, எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் மாற்றச் சொன்னேன். காசு சுண்டிப் போட்டு, தலை விழுந்தால் டேவ். ஒரு தனி ஆவர்த்தனத்தை வைத்து 16 முறை. 12 முறை சரியாகச் சொன்னேன். குருட்டுவாக்கில் சொன்னால் அந்த அளவுக்குச் சரியாக வர நூற்றுக்கு நாலு வாய்ப்புதான். அதே சோதனையைக் குரலும் தம்பூராவும் மட்டும் உள்ள ஒரு ஆலாபனையில் செய்தபோது 16-ல் 9. அதாவது அங்கே எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, வித்தியாசம் இருக்கிறது. முதல் இரவு நான் நினைத்ததில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். மிருதங்கத்தில் "நம்" விழும் இடத்தின் விளிம்பு, கூடவே வரும் கஞ்சிரா தனியாக நிற்பது, அவ்வளவுதான். எனக்கு அது வேண்டும். அதற்காகத்தான் டேவை வைத்துக்கொண்டேன். டிடி2 மட்டமான கருவி என்ற எண்ணத்தோடு அதை விற்றிருந்தால், வாங்க வருகிறவரிடமும் அதையே சொல்லி, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டிருப்பேன். ஆறு வருடம் எனக்குப் பாடிய பெட்டிக்குச் செய்யும் அநியாயம் அது.

ஒரு கடையில் மாற்றி எடுத்துக்கொள்ளக் கேட்டேன். 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள். கடைக்காரருக்கு வாடகை, உத்தரவாதம் எல்லாம் இருக்கிறது, அவர் கணக்கு அவருக்கு. நானே நேரடியாக விற்பது என்று 4,900 போட்டேன். விளம்பரத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். அடிப்பக்கம் ஒரு நூல் கீறல். 3.5 மில்லி ஹெட்போன் துளையை ஒருமுறை கூடப் பயன்படுத்தவில்லை. கூட வருவது கம்பெனி கொடுத்த 15 வோல்ட் அடாப்டர்தான், நான் தனியாக வாங்கிய லீனியர் பவர் சப்ளை வராது. முந்தைய ஹியூகோ டிடியில் பாட்டரி இருந்தது, இதில் அதற்குப் பதில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சூப்பர் கெபாசிட்டர்கள் என்பதையும் சேர்த்தேன். பழைய கருவி வாங்குகிறவர்களுக்குப் பாட்டரி என்றாலே பயம், அந்தப் பயம் நியாயமானது.

முதல் வாரம் வந்ததெல்லாம் "லாஸ்ட் பிரைஸ்?" என்ற இரண்டு வார்த்தைதான். கருவியைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. இரண்டாம் வாரம் இந்தத் தம்பி கூப்பிட்டார். சொந்த ஊர் மன்னார்குடி, இங்கே ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர்.

"வாங்க தம்பி, சாப்பிட்டுட்டுக் கேட்கலாம்" என்றேன். சனிக்கிழமை வந்தார். தன் பென் டிரைவில் ஒரு பதிவு கொண்டுவந்திருந்தார். பங்குனித் திருவிழாவில் ராஜகோபாலசுவாமி கோயில் புறப்பாட்டின்போது, கையடக்க ரெகார்டரில் அவரே பதிவு செய்த தவில். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். கூட்டத்தின் இரைச்சல், யாரோ குழந்தையைக் கூப்பிடும் குரல், அதற்கு நடுவே இரண்டு தவில்.

முதலில் டிடி2-ல் போட்டோம், எம் ஸ்கேலர் இல்லாமல். தம்பி கண்ணை மூடிக்கொண்டார். தவிலில் ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் கூடு போட்ட விரல். அந்த இரண்டு ஒலிக்கும் தோலில் விழும் விதமே வேறு. வேகமான இடத்தில் இரண்டும் கலந்து ஒரே சடசடப்பாகக் கேட்பதுதான் வழக்கம். பாதியில் நிறுத்தச் சொல்லி, "திரும்பப் போடுங்கண்ணே, அந்த இடம்" என்றார். மூன்று முறை போட்டோம். "நான் நின்னது இடது பக்கம். குச்சிதான் எனக்குப் பக்கத்துல இருந்துச்சு. இப்பதான் அது பக்கத்துல கேக்குது."

பிறகு டேவ். நானே அளவைச் சரிசெய்து, அளந்த எண்ணையும் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா எனக்கு இது போதும்" என்று டிடி2-ஐத் தொட்டார்.

அப்புறம் எம் ஸ்கேலரையும் கேட்டார். சேர்த்து வாங்கினால் குறைப்பீர்களா என்றார். விற்கும் எண்ணம் எனக்கு இல்லை, அவர் வேறு எங்கும் வாங்குவதையும் நான் விரும்பவில்லை. அறையைப் பற்றி விசாரித்தேன். மூன்று பேர் தங்கும் வாடகை வீட்டில் ஒரு சின்ன அறை, ஸ்பீக்கர் இரண்டும் மேசை மேல், சுவரோடு ஒட்டி. "முதல்ல ரெண்டு ஸ்டாண்ட் வாங்கி, சுவரை விட்டு ஒரு முழம் முன்னால இழுத்து வைங்க. ஆறு மாசம் கேளுங்க. அதுக்கப்புறமும் வேணும்னு தோணினா என்கிட்ட வாங்க, என் எம் ஸ்கேலரை ஒரு வாரம் எடுத்துட்டுப் போய்க் கேட்டுப் பாருங்க" என்றேன். சிடி கேட்பவருக்கு அது தரும் பலன் எனக்குத் தெரியும். இழுத்து வைத்த ஸ்பீக்கர் தரும் பலன் அதைவிடப் பெரிது.

4,600-க்கு முடித்தோம். யுஎஸ்பி, ஆப்டிக்கல், இரண்டு பிஎன்சி, புளூடூத் என்று ஒவ்வொரு இணைப்பையும் அவர் கண்முன்னே ஓட்டிக் காட்டிய பிறகுதான் பேநவ்-இல் பணம் அனுப்பச் சொன்னேன். நுரையில் பொதிந்து, பெட்டியில் வைத்து, மடியிலேயே தூக்கிக்கொண்டு உட்லண்ட்ஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வரைக்கும் ரயிலில் போனார்.

அன்றிரவு ஒரு படம் வந்தது. மேசையில் டிடி2, சுவரிலிருந்து தள்ளி ஒரு நாற்காலியின் மேல் ஒரு ஸ்பீக்கர், கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையின் மேல் இன்னொன்று. கீழே, "ஸ்டாண்ட் சம்பளம் வந்ததும்ணே. ஒரு உதவி. பெட்டியை வைக்க ரூம்ல இடமே இல்ல. உங்க வீட்டுலயே இருக்கட்டுமா?"

அடுத்த ஞாயிறு காலிப் பெட்டியோடு வந்தார். சைக்கிளை நகர்த்திவிட்டு அதே தட்டில் ஏற்றினேன். மேலே அவர் பெயரை மார்க்கரில் எழுதி, புதுச் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டிருக்கிறேன்.