அடைமழைக் காலத்தில் தார்சாவில் பூநாற்று

பனி கொட்டும் நாடுகளில் குளிருக்குப் பயந்து பூவிதையை வீட்டுக்குள் முளைக்க வைக்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு விதைத்தட்டுக்கு அடியில் விரிக்கும் சூடேற்றும் பாயை வாங்கிவிடாதீர்கள். திருநெல்வேலிச் சமவெளியில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கேந்தி (செண்டுமல்லி) முளைக்க அந்தச் சூடு தாராளம். இங்கே விதைக்கு எதிரி தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் வெயில் காணாத மண்ணில் விதை அழுகும், முளைத்ததையும் மழை அடித்துக்கொண்டு போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அப்படி ஒரு மழைக்கு மாடியில் எந்தத் தட்டு நிற்கும்? தார்சாவிலோ (கூரை உள்ள முன்தாழ்வாரம்) கிழக்குப் பார்த்த சன்னல் திண்டிலோ வைத்து வளர்த்துவிட்டால், மழை வெறிக்கும்போது கையில் நாற்று தயாராக இருக்கும்.

கேந்தி விதைத்ததிலிருந்து பூக்க 60 முதல் 70 நாள். பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் ஐப்பசி கடைசியில் விதைக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் மார்கழி கடைசி, தை பிறப்பு போதும்.

தோட்டத்துச் செவல் மண்ணைத் தட்டில் போடாதீர்கள். நனைந்து காய்ந்தால் இறுகிவிடும், அழுகல் நோயும் அதோடு உள்ளே வரும். தென்னைநார்க் கழிவு மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு முறை ஊறவைத்துப் பிழியுங்கள். கடற்கரைப் பக்கத்துப் போர் தண்ணீரில் அலசினால் உப்பு போகாது, மழைத்தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் கலவைக்கு, அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 20 கிராம் கலந்து, ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுதான் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

கேந்தி விதை கறுத்த ஊசி மாதிரி இருக்கும், ஒரு நுனியில் வெளிறிய குஞ்சம். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பது முளைக்கும், தட்டையாக மடங்குவது பதர். சாமிக்குச் சாத்திய மாலையைப் பிய்த்து விதைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான், மாலைக்குப் பறிக்கும் பூவில் விதை முற்றியிருக்காது. கால் அங்குல ஆழம் போதும், ஐந்தாறு நாளில் முளைக்கும். வாடாமல்லி விதையைச் சுற்றியிருக்கும் செதிலைக் கையால் கசக்கி நீக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்து விதையுங்கள். பெட்டுனியா விதை தூசி போல இருக்கும், ஒரு கிராமில் சுமார் பத்தாயிரம். அதை மண்ணால் மூடவே கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். காகிதத்தை மடித்து விதையைத் தட்டித் தட்டித் தூவி, தட்டை அடியிலிருந்து நனையுங்கள். கோழிக்கொண்டை விதையை எறும்பு இழுத்துப் போய்விடும், மேசைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். ஜினியாவுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை, மழை விட்டதும் நேரே தரையில் விதைக்கலாம்.

நாற்றழுகல்தான் பெரிய நஷ்டம். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். இலை பச்சையாகவே இருக்கும், ஆனால் மண்ணை ஒட்டிய தண்டு மட்டும் வெந்தது போல நைந்து நூலாக மெலிந்திருக்கும். வாட்டம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், அடுத்த நாளே பக்கத்திலிருப்பதும் விழும். விழுந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் அள்ளி வீசுங்கள். மிச்சத்துக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேரில் ஊற்றலாம், ஆனால் அது முன்பு கலந்த டிரைக்கோடெர்மாவையும் கெடுக்கும். வராமல் பார்ப்பதுதான் புத்தி. நெருக்கமாகத் தூவாதீர்கள். ஈரம் காக்கத் தட்டின் மேல் பாலித்தீன் மூடி போட்டிருந்தால், முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். சாயங்காலம் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்று அசையாத மூட்டமான நாளில் சின்ன ஃபேன் ஒன்றைத் தள்ளி வைத்து ஓடவிடுங்கள்.

வெளிச்சம் குறைந்தால் தண்டு வெளுத்து நீண்டு தலைசாயும். 20 வாட் வெள்ளை எல்இடி டியூப் லைட் ஒன்றை நாற்றுக்கு அரை அடி மேலே தொங்கவிட்டு, காலை ஆறு முதல் இரவு எட்டு வரை எரியவிடுங்கள். ராத்திரி முழுக்க வேண்டாம், மூன்று வாரத்துக்கு மேலும் வேண்டாம். கேந்தி, வாடாமல்லி எல்லாம் பகல் குறுகினால் சீக்கிரம் மொட்டு வைக்கிற ஜாதி, வெளிச்சம் நீண்டால் மொட்டு பிந்தும்.

நாலு இலை விட்டதும், வானம் வெறித்த நாளாகப் பார்த்து, முதல் நாள் ஒரு மணி நேரம் இளவெயில் காட்டுங்கள். அப்படியே ஏற்றி ஏழு நாளில் முழு வெயிலுக்குப் பழக்கலாம். கோழிக்கொண்டையைத் தாமதிக்காதீர்கள். வேர் தட்டில் சுற்றிவிட்டால் செடி குட்டையிலேயே விரலளவு கொண்டை போட்டு நின்றுவிடும். நடுவது சாயங்காலத்தில், கேந்திக்குச் செடிக்குச் செடி ஒன்றரை அடி. நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளினால் பூ பத்து நாள் பிந்தும், ஆனால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூ கூடும். பொங்கலைக் குறிவைத்து நட்டதில் மட்டும் கிள்ள வேண்டாம்.